சொந்தக் கிணறு, சொந்தப் பொறுப்பு
வவுணதீவுக் கிணறுகளிடம் நாம் படிக்க வேண்டிய பாடம்



மட்டக்களப்பு நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டி மேற்கே போனால் வருவது வவுணதீவு. வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமாக உள்ள கரையை எழுவான்கரை என்பார்கள். மேற்கே, வயல் பக்கமாக உள்ள கரை படுவான்கரை. சூரியன் எழும் கரை ஒன்று, சூரியன் படும் கரை மற்றது. வவுணதீவு படுவான்கரையில் இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாக அனுப்பும் நிலையமும் அங்கேதான் உள்ளது. ஆனாலும் குழாய் எட்டாத வீடுகளுக்குக் கிணற்றை விட்டால் வேறு கதி இல்லை.

"தேயிலை மலையில் இருக்கிற நமக்கு வவுணதீவுக் கிணத்தைப் பத்தி என்ன கதை?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குக்குப் போய்க் குடியேறியவர்களில் நம் அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் இருக்கிறார்கள். பீலித் தண்ணீரில் வளர்ந்த அவர்கள் அங்கே கிணற்றை நம்பி வாழப் பழகினார்கள். அடுத்தது, லயத்தை விட்டுச் சொந்தக் காணியில் தனி வீடு கட்டிப் போகிறவர்கள் இப்போது தோட்டங்களிலும் கூடி வருகிறார்கள். வீட்டோடு சேர்த்து ஒரு கிணறு வெட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு.

தோட்டத்தில் தண்ணி வராவிட்டால் வெல்பெயார் ஐயாவிடம் சொல்கிறோம். துரையிடம் கேட்கிறோம். தலைவரிடம் முறையிடுகிறோம். சொந்தக் கிணற்றில் தண்ணி கெட்டுப் போனால் யாரிடம் போவது? அந்தத் தண்ணீரை நீர்ச்சபை சோதித்து அனுப்புவதில்லை. அங்கே துரையும் நாம்தான், தொழிலாளியும் நாம்தான். ஆகவே கிணற்றைக் காக்கும் முறையை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

பூமிக்கு அடியில் ஆறு ஓடுகிறது, அந்த ஆற்றுத் தண்ணீர்தான் கிணற்றில் ஊறுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மேலே பெய்யும் மழைதான் மண்ணுக்குள் இறங்கி, மணலுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் தங்கி நிற்கிறது. நாம் வெட்டும் கிணறு அந்தத் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு பள்ளம். ஆகவே கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் என்ன கிடக்கிறதோ அதன் சாரமும் மழையோடு சேர்ந்து கிணற்றுக்கு வரப் பார்க்கும். மாட்டுச் சாணம், யூரியா, வயலுக்கு அடிக்கும் மருந்து, கக்கூஸ் குழியின் கசிவு என்று எதுவும் இதற்கு விலக்கு இல்லை.

மண் ஓரளவு வடிகட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மண்ணின் கனமும் தூரமும் வேண்டும். வாவிக்கரை ஓரத்து மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும். அதோடு, ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். ஆவணியில் ஆழத்துக்குப் போய்க் கிடந்த கிணறு, மார்கழியில் கையால் எட்டி அள்ளும் அளவுக்கு நிரம்பி நிற்பது அந்தப் பக்கத்தில் சாதாரணம். அப்படித் தண்ணீர் ஏறும் காலத்தில் கக்கூஸ் குழியின் அடியும் அதே தண்ணீரில் நனைகிறது. கிணறு நிறைந்திருப்பதைப் பார்த்து மனம் குளிரும் அந்தக் காலம்தான் நோய்க்கும் வசதியான காலம்.

கண்ணாடி மாதிரி இருந்தால் போதுமா?

"எங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குங்க. கல்கண்டு மாதிரி இனிக்குது. இதில என்ன கெடுதல்?" இதுதான் பலருடைய பேச்சு. நோயைத் தரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. அவற்றுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை.

1854ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. பிரோட் வீதி என்ற தெருவில் ஒரு பொதுக் கிணறு இருந்தது. கைப்பம்பியால் தண்ணீர் எடுப்பார்கள். தெளிவான, ருசியான தண்ணீர் என்று அதற்கு நல்ல பெயர். வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு மூதாட்டி அந்த ருசியை மறக்க முடியாமல் தினமும் அங்கிருந்து தண்ணீர் எடுப்பித்துக் குடித்து வந்தார். அந்த வருடம் அந்தப் பகுதியில் வாந்திபேதி வந்தது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தூரத்தில் இருந்து தண்ணீர் எடுப்பித்த அந்த மூதாட்டியும் இறந்தார். ஜோன் ஸ்னோ என்ற டொக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்து, இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பியின் கைபிடியைக் கழற்றி வைத்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து ஏறக்குறைய 3 அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது. நோய்கண்ட ஒரு குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தக் குழியில் கொட்டப்பட்டிருந்தது.

இன்றைக்கும் வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி ஆகியவை இதே வழியில்தான் வருகின்றன. ஒருவர் வயிற்றிலிருந்து வெளியேறிய கிருமி இன்னொருவர் வாய்க்குப் போகிறது. அந்த வழியை அடைப்பதுதான் கிணற்றுப் பாதுகாப்பு.

கக்கூஸ் குழி எவ்வளவு தூரம்?

கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையே 50 அடிக்குக் குறையக் கூடாது. மணல் நிலத்தில் 100 அடி இருந்தால் இன்னும் நல்லது. நிலம் சாய்வாக இருந்தால் கிணறு மேட்டிலும் குழி பள்ளத்திலும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே ஏறும் இடத்தில் குழியை ஆழமாக வெட்டக் கூடாது. நிலத்துக்கு மேலே மண் நிரப்பி உயர்த்திக் கட்ட வேண்டும். மாட்டுப் பட்டி, ஆட்டுக் கொட்டில், கோழிக் கூடு, குப்பைக் குழி, உரம் வைக்கும் இடம் ஆகியவற்றுக்கும் இந்தத் தூரக் கணக்குப் பொருந்தும்.

தோட்டத்தில் தனி வீடு கட்டுகிறவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 7 பேர்ச் காணி ஏறக்குறைய 1,906 சதுர அடி. சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் 44 அடிக்குள்தான் வரும். அதற்குள் வீடும் கட்டி, கக்கூஸ் குழியும் வெட்டி, 50 அடி தள்ளிக் கிணறும் வெட்ட முடியுமா? மூலைக்கு மூலை வைத்தால் உங்கள் குழி தூரப் போகலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடும். ஆகவே சின்னக் காணிகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு என்ற ஆசை வேண்டாம். எல்லோரும் சேர்ந்து மேட்டுப் பக்கத்தில் ஒரு பொதுக் கிணறோ ஊற்றுத் தொட்டியோ அமைத்துக் குழாயில் எடுப்பதே புத்தி. குழி வெட்டுமுன், கிணறு வெட்டுமுன், பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பிறகு சண்டை பிடிப்பதை விட இது லேசு.

கிணற்றடி எப்படி இருக்க வேண்டும்?

கிணற்றுக் கட்டு நிலத்திலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரமாவது இருக்க வேண்டும். வெள்ளம் வரும் ஊரில் இன்னும் உயர்த்த வேண்டும். கட்டைச் சுற்றி மூன்று, நாலு அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு, வெளிப் பக்கம் சாய்த்து, காண் ஒன்று வெட்டித் தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் விட வேண்டும். தளம் வெடித்திருந்தால் உடனே பூச வேண்டும். குளித்த தண்ணீர், துணி துவைத்த சவர்க்காரத் தண்ணீர் எல்லாம் அந்த வெடிப்பு வழியாகத்தான் திரும்பவும் கிணற்றுக்குள் போகும். கிணற்றின் உட்சுவரில் மேலிருந்து 10 அடி வரைக்காவது தண்ணீர் கசியாதபடி பூச வேண்டும். கொங்கிறீட் வளையம் இறக்கிய கிணறு என்றால் மேல் வளையங்களின் பொருத்துகளைச் சீமெந்தால் அடைக்க வேண்டும். மேலே மூடி வேண்டும். மூடி போட வசதி இல்லாவிட்டால் வலையாவது கட்டுங்கள். இலையும் குருவி எச்சமும் விழாது, நுளம்பும் முட்டையிடாது, பிள்ளைகளும் விழமாட்டார்கள்.

எத்தனையோ வீடுகளில் கிணறு நன்றாக இருக்கும், வாளிதான் கெடுத்துவிடும். கிணற்றடியில் சேற்றில் கிடந்த வாளி, மாட்டுக்குத் தண்ணி வைத்த வாளி, கக்கூசுக்கு எடுத்துப் போன வாளி ஆகியவற்றைக் கிணற்றுக்குள் விட்டால் மற்றப் பாதுகாப்பு எல்லாம் வீண். கிணற்றுக்கென்று ஒரே வாளி, ஒரே கயிறு. வேலை முடிந்ததும் கொளுக்கியில் மாட்டித் தொங்க விட வேண்டும். இது காசு செலவில்லாத வைத்தியம்.

குளோரீன் போடும் கணக்கு

கடையிலும் சுகாதாரப் பணிமனையிலும் கிடைக்கும் வெள்ளைத் தூளை 'பிளீச்சிங் பவுடர்' அல்லது 'டி.சி.எல். தூள்' என்பார்கள். நல்ல தூளில் 100 பங்குக்கு 30 பங்கு அளவில் குளோரீன் இருக்கும். திறந்து வைத்த தூளும் நாட்பட்ட தூளும் சத்துக் குறைந்து போகும். ஆகவே மூடி உள்ள பிளாஸ்டிக் பாத்திரத்தில், வெயில் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டக் கிணற்றுக்கு ஒரு லேசான வழி உண்டு. கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள். அதை 22ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு ஏறக்குறைய வரும். 5 அடி குறுக்களவு, 6 அடி தண்ணீர் என்றால் 5 × 5 × 6 × 22 = 3,300 லீற்றர். ஆழம் தெரிய ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் போதும்.

தெளிந்த தண்ணீருக்குச் சாதாரண நாளில் 1,000 லீற்றருக்கு 2½ கிராம் தூள் என்பது பொது அளவு. மேலே சொன்ன கிணற்றுக்கு 8 கிராம் வரும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதில் தூளைப் போட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. கலந்த பிறகு ஒரு மணித்தியாலமாவது தண்ணீர் அள்ளாமல் இருக்க வேண்டும். எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பிறகு இரவில் போடுவது மிக நல்லது.

கலங்கல் தண்ணீர் குளோரீனைத் தின்றுவிடும். அதற்கு அளவு கூட்ட வேண்டி வரும். எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நம்முடைய பி.எச்.ஐ. ஐயா, சோதித்துச் சொல்வார். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஒரு தரம் போட்ட குளோரீன் வருஷம் முழுக்கக் காவல் நிற்காது. தண்ணீர் அள்ள அள்ளப் புதுத் தண்ணீர் ஊறும். ஓரிரு நாளில் குளோரீன் போய்விடும். ஆகவே குளோரீன் போட்ட கிணறு என்றாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்தக் கூடாது.

எச்சரிக்கை: இந்தத் தூளை கக்கூஸ் கழுவும் அசிட், வினாகிரி, மண்ணெண்ணெய் எதோடும் சேர்க்காதீர்கள். அசிட்டோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுக் காற்று வரும். வெளியில் நின்று, காற்று முதுகுப் பக்கம் அடிக்கும்படி நின்று கரையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் பெரும் வெள்ளத்தில் மூழ்கியது. படுவான்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வயலும் வீதியும் கிணறும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. அப்படி வெள்ளம் ஏறிய கிணறு, பார்வைக்கு எவ்வளவு தெளிந்திருந்தாலும், கக்கூஸ் தண்ணீர் கலந்த கிணறு என்றே நினைக்க வேண்டும். அந்த நேரம் செய்ய வேண்டியவை இவை:

1. சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது கிணற்றை இறைக்காதீர்கள். இறைத்த வேகத்தில் அதே அழுக்கு திரும்ப ஊறும். அதுவரை பவுசர் தண்ணீரையோ கொதித்து ஆறிய தண்ணீரையோ மட்டும் குடியுங்கள்.

2. வெள்ளம் வடிந்ததும் கிணற்றடியைச் சுத்தம் செய்து, உடைந்த கட்டைத் திருத்துங்கள். கிணற்றில் விழுந்து கிடக்கும் குப்பை கூளத்தையும் செத்த பிராணிகளையும் எடுத்துத் தூரப் புதையுங்கள்.

3. பிறகு மெதுவாக இறையுங்கள். வெளியே நிலம் ஊறிப்போய் இருக்கும்போது கிணற்றை ஒரே மூச்சில் வற்ற வைத்தால் மணல் உள்ளே தள்ளும், வளையம் சரியும். அடியில் உள்ள சேற்றை அள்ளி, சுவரைக் குளோரீன் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள்.

4. தண்ணீர் திரும்ப ஊறியதும் பலத்த அளவில் குளோரீன் போட வேண்டும். 1,000 லீற்றருக்கு 30 பங்குத் தூள் என்றால் ஏறக்குறைய 350 கிராம். 70 பங்கு உள்ள குறுணித் தூள் என்றால் 150 கிராம். 12 மணித்தியாலம், அதாவது ஓர் இரவு முழுக்க, அப்படியே விடுங்கள். பி.எச்.ஐ. ஐயா வேறு அளவு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

5. மறுநாள் குளோரீன் மணம் லேசாகும் வரை தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுங்கள். அதை வயலுக்கோ மீன் உள்ள குளத்துக்கோ வாவிக்கோ விட வேண்டாம்.

6. சோதித்து, நல்லது என்று முடிவு வரும் வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

இந்த வேலையில் உயிர் ஆபத்தும் உண்டு. பெற்றோல், டீசல் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள நச்சுக் காற்றுக்கு மணம் இல்லை. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. ஆனால் விளக்கு எரிந்தாலும் மோட்டர்ப் புகையின் நஞ்சு அங்கே இருக்கக் கூடும். ஆகவே மோட்டரை மேலே, தூரத்தில் வைத்துக் குழாயை மட்டும் இறக்குங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்து நிற்க வேண்டும். குளோரீன் போட்ட கிணற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம்.

இறைத்தால் உப்புப் போகுமா?

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது கல்லடி, நாவலடி போன்ற எழுவான்கரை ஊர்களின் கிணறுகளில் கடல் தண்ணீர் புகுந்தது. உதவிக்கு வந்தவர்கள் அக்கறையோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். ஆனால் உப்பு நினைத்தபடி குறையவில்லை. சில இடங்களில் அதிகம் இறைத்ததே கெடுதலாகப் போனது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து கவனித்தபோது, உப்பைக் கழுவிக் கொண்டுபோனதில் மழையின் பங்கே பெரிது என்று தெரிந்தது.

இதற்குக் காரணம் உண்டு. உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் லேசானது. கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கில், மேலே ஒரு அடி குறைய விட்டால் கீழேயிருந்து உப்பு வெகு தூரம் ஏறி வரும். ஆகவே கடலுக்கும் வாவிக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் பெரிய மோட்டர் வைத்து ஒரேயடியாக இழுக்கக் கூடாது. ஆழம் குறைந்த கிணற்றிலிருந்து காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எடுப்பதே கிணற்றுக்கு நல்லது. குளோரீனும் கொதிக்க வைப்பதும் உப்பைப் போக்காது.

தேத்தண்ணி கறுத்தால்

தேயிலைக்காரரான நமக்குக் கைவந்த ஒரு சோதனை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிய சாயத் தேத்தண்ணி மை போலக் கறுத்துப் போனால் அந்தத் தண்ணீரில் இரும்பு கூட இருக்கிறது. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகின்றன. அள்ளும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்த சற்று நேரத்தில் காவி படிவதும், வெள்ளைத் துணி பழுப்பதும் இதே காரணம்தான். இதற்கு வைத்தியம் லேசு. தண்ணீரை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உயரப் பிடித்துப் பல தரம் ஊற்றுங்கள். காற்றுப் பட்டதும் இரும்பு காவித் துகளாக மாறும். இரவு முழுக்க வைத்து, மேலே தெளிந்ததை எடுத்து, கழுவிய மணல் நிரப்பிய தொட்டியில் வடிக்கலாம். ஆனால் இரும்பு போய்விட்டது என்பதற்காகக் கிருமியும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

கொதிக்க வைப்பதும் அதன் எல்லையும்

குடிக்கும் தண்ணீருக்குக் கொதிக்க வைப்பதைப் போல நம்பிக்கையான வழி வேறில்லை. ஆவி பறந்தால் போதாது. பெரிய கொப்பளம் வந்து தளதளவென்று கொதிக்க வேண்டும். சமநிலத்தில் அப்படி ஒரு நிமிடம் போதும். மலை உயர உயரத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய 94 பாகைச் சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே மலைத் தோட்டங்களில் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் நாலாக மடித்த சுத்தமான துணியில் வடித்துவிட்டுக் கொதிக்க வையுங்கள்.

கொதித்த தண்ணீரைத் திறந்த வாளியில் ஊற்றி, கையில் கிடைத்த கோப்பையை விட்டு அள்ளினால் பட்ட பாடு வீண். மூடி உள்ள பாத்திரத்தில் வைத்து, குழாய் வழியாகவோ நீளப் பிடி அகப்பையாலோ எடுங்கள். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலையும் தினம் கழுவுங்கள்.

கொதித்தாலும் போகாதவை உண்டு. உப்பு, புளோரைட், உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று, எண்ணெய், பூச்சி மருந்து ஆகியவை இதில் அடங்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் உப்பும் நைத்திரேற்றும் கொஞ்சம் கூடவே செய்யும். நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளின் உடம்பு நீலம் பாரித்துப் போகும் ஆபத்து உண்டு. யூரியா அதிகம் போடும் மரக்கறித் தோட்டத்து நடுவே கிணறு வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்கத் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதனைக்கு யாரிடம் போவது?

உங்கள் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் பி.எச்.ஐ. ஐயாவைப் பாருங்கள். கிருமிச் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் போத்தல் தனியானது. வீட்டுச் சோடாப் போத்தலில் எடுத்துப் போனால் சரி வராது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களிலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ. கோலை என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கும், புளோரைட் 1 மில்லிகிராமுக்கும், இரும்பு 0.3 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. வருடத்துக்கு ஒரு தரமும், வெள்ளம் வந்தால் அதற்குப் பிறகும் சோதிப்பது நல்லது.

வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கெட் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ மந்திரித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிட்வைப் அம்மாவுக்கும் பி.எச்.ஐ. ஐயாவுக்கும் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நம் பீலிக்கும் இதே சட்டம்

"நமக்குக் கிணறு இல்லையே, பீலிதானே" என்று விட்டுவிடக் கூடாது. பீலியும் மழைத் தண்ணீர்தான். மலைக்குள் இறங்கி வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. ஊற்றுக்கு மேலே இருக்கும் லயக் காணும், மாட்டுப் பட்டியும், உர ஸ்டோரும், மருந்துத் தாங்கி கழுவும் இடமும் கீழே உள்ள பீலியைக் கெடுக்கும். மருந்தடித்து முடிந்த தாங்கியை ஓடையில் கழுவவே கூடாது. ஊற்றுக் கண்ணைச் சுற்றி வேலி போட்டு, தொட்டிக்கு மூடி போட்டு, வருடம் இரண்டு தரமாவது தொட்டியைக் கழுவிக் குளோரீன் போடும்படி தோட்டத்து நிர்வாகத்திடமும் வெல்பெயார் ஐயாவிடமும் கேட்பது நம் உரிமை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் மலையகம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அப்படியான மழைக்குப் பிறகு ஊற்றின் நிறமோ மணமோ மாறியிருந்தால், சோதிக்கும் வரை நம்ப வேண்டாம்.

வருஷக் கணக்கு

வவுணதீவுப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் நம் உறவுகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லி அனுப்புங்கள். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் கீழே கிடக்கும். கிணற்றைத் துப்புரவு செய்யவும் சுவர் பூசவும் அதுவே தோதான காலம். ஐப்பசி மழைக்கு முன் காண் வெட்டி, தளத்து வெடிப்பை அடைக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை குடிநீரைக் கொதிக்க வைப்பதில் ஒரு நாளும் தவறக் கூடாது. மாசியில் மழை ஓய்ந்ததும் குளோரீன் போட்டுச் சோதிக்க வேண்டும். சித்திரைக்குப் பிறகு தண்ணீர் இறங்கும்போது அளவோடு எடுக்க வேண்டும்.

கிணறு வெட்டுவது ஒரு மாத வேலை. அதைக் காப்பது தலைமுறை வேலை. வாளியைத் தொங்க விடுவதும், கிணற்றடியில் தண்ணீர் தேங்க விடாததும், மூடியைத் திரும்பப் போடுவதும் சின்னப் பிள்ளையும் செய்யக் கூடியவை. இவற்றை இன்றைக்கே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.